அரிசி மூட்டைக்கு ஒரு குடை

வெள்ள நாட்களில் தொலைக்காட்சியில் நாம் எல்லோரும் பார்க்கிற காட்சி இது. 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் தண்ணீரில் நின்றபோதும் பார்த்தோம். ஹெலிகாப்டர் மொட்டைமாடிக்கு மேலே வந்து நிற்கும். பொட்டலங்கள் விழும். சில பத்திரமாகக் கைக்கு வரும், சில தரையில் மோதிச் சிதறும், ஒன்றிரண்டு குறி தவறி வெள்ளத்தோடு போகும். பார்க்கிறவர் மனதில் உடனே ஒரு கேள்வி எழும்: ஒவ்வொன்றுக்கும் ஒரு பாராசூட் கட்டிவிட்டால் என்ன?

ஹெலிகாப்டருக்கு ஒரு வசதி உண்டு. அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்கும். போர்க்களத்துச் சரக்கு விமானம் நின்றால் விழுந்துவிடும். பறந்துகொண்டேதான் சரக்கைத் தள்ள வேண்டும், அதுவும் கீழிருந்து சுடுகிறவர்களின் தலைக்கு மேலே. அப்படித் தள்ளிய அரிசியையும் தோட்டாவையும் தண்ணீரையும் நம்பிப் பல்லாயிரம் பேர் கொண்ட படைகள் வாரக்கணக்கில் உயிரோடு இருந்திருக்கின்றன. சில படைகள் அப்படி நம்பியே அழிந்தும் போயின. என்ன வித்தியாசம்? குடை நல்ல குடையா, மோசமான குடையா என்பதல்ல. சரக்கை உடையாமல் காப்பாற்றுவதும் குடைதான், சரக்கைத் தொலைப்பதும் அதே குடைதான். இந்த முரண்தான் இந்த அத்தியாயத்தின் கதை.

(பாராசூட்டைத் தமிழில் வான்குடை என்கிறோம். இனிச் சுருக்கமாகக் குடை.)

ஆளுக்கு 40 கிராம்

கூட் அல் அமாரா என்பது இன்றைய இராக்கில் டைக்ரிஸ் ஆறு வளைந்து ஓடும் இடத்தில் இருக்கும் ஊர். முதல் உலகப்போரில், 1915 டிசம்பரில், ஜெனரல் டவுன்ஷெண்டின் 6-ஆவது பூனா டிவிஷனைத் துருக்கிப் படை அங்கே சுற்றி வளைத்தது. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். மீட்க வந்த படைகள் மோதி மோதித் திரும்பின. கையிருப்பு தீர்ந்து, குதிரைகளை அறுத்துத் தின்னும் நிலை வந்தது. 1916 ஏப்ரல் நடுவில் விமானங்கள் மாவு மூட்டைகளைச் சுமந்துகொண்டு பறந்தன. தானியம் அரைக்கத் திரிகைக் கல்லைக்கூட வானிலிருந்து இறக்கினார்கள். முற்றுகையில் சிக்கிய ஒரு படைக்கு விமானத்தில் சோறு போட நடந்த முதல் பெரிய முயற்சி இது.

எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று பார்ப்போம். இரண்டு வாரத்தில் போட்டது ஏறத்தாழ 8 டன். உள்ளே இருந்தவர்கள் சுமார் 13,000 பேர். வகுத்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 40 கிராம் சொச்சம். அதிலும் சில மூட்டைகள் ஆற்றில் விழுந்தன, சில துருக்கியர் பதுங்குகுழியில் விழுந்தன. ஏப்ரல் 29 அன்று படை சரணடைந்தது.

துணியாலும் கம்பியாலும் கட்டிய அந்தக் காலத்து விமானம் ஒரு நடைக்குத் தூக்கியது ஒன்றிரண்டு மூட்டைதான். ஆனால் பெரிய விமானங்கள் வந்தபிறகும் இந்த எளிய வகுத்தல் கணக்கைப் போடாமல் விட்டவர்கள் உண்டு. 1942 நவம்பரில் ஸ்டாலின்கிராடில் ஜெர்மனியின் 6-ஆவது சேனை சிக்கியது. குறைந்தபட்சம் நாளுக்கு 300 டன் வேண்டும். விமானப்படைத் தலைவர் கோரிங் வாக்குக் கொடுத்தார். போய்ச் சேர்ந்ததோ சராசரியாக 100 டன்னை ஒட்டித்தான். பெரும்பகுதி விமானம் தரையிறங்கிக் கொடுத்தது. 1943 ஜனவரியில் ஓடுதளங்களும் பறிபோனபின் குடையில் போட்டுப் பார்த்தார்கள். பிப்ரவரி 2-க்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கூட் அல் அமாராவுக்கும் ஸ்டாலின்கிராடுக்கும் நடுவில், சிறிய அளவில் அழகாகப் பலித்த ஒன்று உண்டு. 1918 ஜூலை 4, பிரான்சில் ஹாமெல் கிராமம். ஜெனரல் மோனாஷின் ஆஸ்திரேலியப் படை முன்னேறியது. முன்னணியில் இருந்த இயந்திரத் துப்பாக்கிக்காரர்களுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தோட்டாக்கள் குடையில் வந்து இறங்கின. விமானத்தின் குண்டு மாட்டும் கொக்கியைச் சரக்குப் பெட்டிக்கு ஏற்ப மாற்றி அமைத்தவர் லாரன்ஸ் வாக்கெட் என்ற ஆஸ்திரேலிய விமானி. தேவை சிறியது, இடம் தெரிந்தது, ஆகவே கணக்கு உதைக்கவில்லை.

குடையில்லாமல் விழும் மூட்டை

இப்போது ஒரு மூட்டையை எடுத்துக்கொள்வோம். எடை 100 கிலோ. இந்த அத்தியாயம் முழுக்க இதே மூட்டைதான்.

குடை கட்டாமல் 60 மீட்டர் உயரத்திலிருந்து தள்ளினால் மூன்றரை நொடியில் தரையைத் தொடும். அப்போது அதன் கீழ்நோக்கிய வேகம் மணிக்கு 120 கிலோமீட்டர். கதை அதோடு முடியவில்லை. ஓடும் பேருந்திலிருந்து இறங்குகிறவர் நாலடி முன்னால் ஓடித்தான் நிற்க வேண்டியிருக்கிறது. மூட்டையும் அப்படியே விமானத்தின் வேகத்தைக் கூடவே கொண்டுவரும். மணிக்கு 180 கிலோமீட்டரில் பறக்கும் விமானத்திலிருந்து தள்ளிய மூட்டை, அந்த வேகத்தோடு தரையில் உரசி உருண்டு போகும். உயரத்தைக் குறைத்தால் விழும் வேகம் குறையும், முன்னோக்கிய வேகம் குறையாது.

இவ்வளவுக்குப் பிறகும் அரிசி தப்புகிறது. எப்படி? பிதுங்கப் பிதுங்க நிறைத்துத் தைத்த சாக்கு தரையில் மோதினால், உள்ளிருக்கும் அரிசிக்கு ஒதுங்க இடமில்லை. எல்லாம் சாக்கின் மேலேயே மோதும், சாக்கு கிழியும். அதனால் இரண்டாம் உலகப்போரில் பர்மா போர்முனையில் அரிசியை ஒரு சாக்கில் கொஞ்சம் தளர்வாக நிரப்பி, அதை அதைவிடப் பெரிய இன்னொரு சாக்குக்குள் போட்டுத் தைத்தார்கள். மோதும்போது உள்சாக்கு கிழிந்தாலும் கிழியட்டும். அரிசி வெளிச்சாக்கின் காலி இடத்துக்குள் பாயும். மணிகள் ஒன்றோடொன்று உரசிப் புரள்வதிலேயே மோதலின் பலம் பெரும்பாலும் கரைந்துவிடும். அரிசி, ஆட்டா, பருப்பு, கோவேறு கழுதைகளுக்கான தீனி எல்லாம் இந்த வகையில் போயின. கீழே நிற்கிறவர்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இப்படி விழுந்த மூட்டை தாக்கிச் செத்த சிப்பாய்களும் உண்டு.

தோட்டா, பெட்ரோல், மருந்து, தண்ணீர் டின் ஆகியவற்றுக்கு இந்த வித்தை பலிக்காது. அவற்றுக்குக் குடை வேண்டும்.

நாலு மடங்கு துணி

குடை விரிந்ததும் கீழே இழுக்கும் எடையும் மேலே தள்ளும் காற்றின் எதிர்ப்பும் சமமாகிவிடும். அதன்பின் மூட்டை ஒரே சீரான வேகத்தில் இறங்கும். பாடநூல்களில் இதற்கு முற்றுத் திசைவேகம் என்று பெயர். நம் 100 கிலோ மூட்டைக்கு 6 மீட்டர் விட்டமுள்ள குடை கட்டினால் இந்த வேகம் நொடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர். குடையே இல்லாமல் 4 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது முதல் மாடி உயரத்திலிருந்து போட்டால் எவ்வளவு அடிபடுமோ அவ்வளவு அடிதான் படும். நன்றாகக் கட்டிய பெட்டி இதைத் தாங்கும்.

கண்ணாடிக் குப்பிகள் இருக்கின்றன, வேகத்தை இன்னும் பாதியாக்க வேண்டும் என்றால்? குடைத் துணி இரண்டு மடங்கு போதாது. காற்றின் எதிர்ப்பு வேகத்தோடு சேர்ந்து நேராக ஏறி இறங்குவதில்லை. வேகம் பாதியானால் எதிர்ப்பு கால்பங்காகிவிடும். அந்த இழப்பை ஈடுகட்டத் துணி நாலு மடங்கு வேண்டும். 28 சதுர மீட்டர் துணி இருந்த இடத்தில் 113 சதுர மீட்டர். மெதுவாக இறக்குவது விலை கூடிய காரியம்.

அந்தத் துணி அப்போது பட்டு. பிறகு நைலான். இரண்டுக்கும் ஐரோப்பாவில் அடிதடி. பர்மா போர்முனை எல்லா வரிசையிலும் கடைசியில் நின்றது.

கல்கத்தா சணல்

1943 இறுதியில் அமைந்த பிரிட்டிஷ் 14-ஆவது சேனைக்குத் தளபதி வில்லியம் ஸ்லிம். மலையும் காடும் மழையும் கொண்ட பர்மா எல்லையில், சாலையை நம்பிச் சண்டை போட்டால் சாலையை வெட்டுகிறவன் ஜெயித்துவிடுவான் என்பது அவருக்கு முந்தைய தோல்விகள் கற்றுக்கொடுத்த பாடம். ஜப்பானியர் பின்னால் சுற்றி வந்து சாலையை மறிப்பார்கள். பிரிட்டிஷ்-இந்தியப் படை பின்வாங்கும். இதுவே 1942 முழுவதும் நடந்தது. இனிமேல் சுற்றி வளைத்தால் பின்வாங்க வேண்டாம், இருந்த இடத்திலேயே நில்லுங்கள், சோறும் தோட்டாவும் வானத்தில் வரும் என்றார் ஸ்லிம். சொல்வதற்கு நன்றாக இருந்தது. அதற்கு வேண்டிய குடைகள் கையில் இல்லை.

அவருடைய வழங்கல் பொறுப்பாளர் மேஜர் ஜெனரல் ஸ்னெல்லிங். இருவரும் கல்கத்தாவின் சணல் ஆலைக்காரர்களின் உதவியை நாடினார்கள். கோணி நெய்கிற சணலில் குடை தைக்க முடியுமா? கேட்டவுடன் சிரிப்பு வரக்கூடிய யோசனை. சணல் துணி கனமானது, முரடானது, இழைகளுக்கு நடுவே காற்று புகுந்து போகும்.

அந்தக் கடைசிக் குறைதான் கைகொடுத்தது. சாதாரணக் குடையின் உச்சியில் ஒரு துளை இருக்கும். அது இல்லாவிட்டால் உள்ளே அடைபட்ட காற்று ஒரு ஓரமாக வழிந்து வெளியேறும். குடை ஒரு பக்கம் சாயும், பிறகு மறுபக்கம் சாயும், மூட்டை ஊஞ்சலாடிக்கொண்டே போய் மோதும். துளை வழியாகக் கொஞ்சம் காற்று ஒழுங்காக வெளியேறினால் ஆட்டம் அடங்கும். சணல் குடையிலோ துளையே தேவைப்படவில்லை. துணி முழுவதும் துளைதானே! நெசவின் நெருக்கத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்து, சரியான அளவு காற்று பரப்பு முழுவதும் கசியும்படி ஆலைக்காரர்கள் நெய்துவிட்டார்கள். கயிறுகளும் சணல்தான்.

ஸ்லிம் பின்னாளில் எழுதியபடி, முறையான குடை ஒன்றின் விலை 20 பவுண்டுக்கு மேல்; சணல் குடை ஒரு பவுண்டும் சில்லறையும். திறனும் நம்பகத்தன்மையும் முறையான குடையில் நூற்றுக்கு 85 பங்கு. மனிதர்கள் குதிக்கும் குடையில் 85 சதவீதம் என்றால் அது கொலை. தோட்டாப் பெட்டிக்கு அது பெரிய லாபம், சில போனாலும் மீதி கைக்கு வரும். ஆட்களை மனதில் வைத்து வகுத்த தரத்தை மூட்டைக்கும் அப்படியே பிடித்துக்கொண்டு தொங்காததுதான் இதில் புத்திசாலித்தனம். இதற்காக ஸ்லிமுக்குப் பாராட்டு வரவில்லை. முறைப்படி மேலிடம் வழியாக வாங்கவில்லை என்று கண்டனம்தான் வந்தது. எந்தக் காலத்திலும் மேலிடம் மேலிடம்தான்.

கோஹிமா மேலே ஆறு நொடி

உடையாமல் இறக்கியாயிற்று. யார் கையில் இறக்குவது?

1944 மார்ச்சில் ஜெனரல் முதாகுச்சியின் ஜப்பானியச் சேனை இம்பாலையும் கோஹிமாவையும் நோக்கி எல்லை தாண்டியது. ஏப்ரல் தொடக்கத்தில் கோஹிமா மேட்டில் சுமார் 2,500 பேர் சிக்கிக்கொண்டார்கள். அவர்களில் பலர் சண்டைக்காரர்களே அல்ல. நீர்த்தேக்கம் ஜப்பானியர் கைக்குப் போனது. இரண்டாவது வாரத்தில் இவர்கள் கையில் மிஞ்சிய மேடு குறுக்கே 300 மீட்டர் சொச்சம். டகோட்டா சரக்கு விமானங்கள் தண்ணீரையும் தோட்டாவையும் இந்த மேட்டின் மேல்தான் போட வேண்டும்.

நம் மூட்டையை இங்கே கொண்டுவருவோம். டகோட்டா மணிக்கு 180 கிலோமீட்டரில் வருகிறது, அதாவது நொடிக்கு 50 மீட்டர். மேட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை கடக்க ஆறே நொடி. கதவு கழற்றிய வாசலில் மூன்று நாலு பேர். விமானி மணி அடித்ததும் கையாலும் காலாலும் மூட்டைகளை உதைத்துத் தள்ளுவார்கள். ஆறு நொடியில் மூன்று மூட்டை தள்ளுவதே பெரிய காரியம். ஒரு நொடி தாமதித்தால் மூட்டை 50 மீட்டர் தள்ளி விழும். விமானத்தில் இருப்பதோ இரண்டரை டன், அதாவது 25 மூட்டை. ஆகவே ஒரே மேட்டின் மேல் ஒன்பது முறை சுற்றிச் சுற்றி வர வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே உயரம், அதே பாதை, அதே வேகம். கீழே துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு இதைவிட வசதி வேண்டியதில்லை.

அடுத்தது காற்று. தரையிலிருந்து 180 மீட்டர் உயரத்தில் தள்ளுகிறார்கள். நொடிக்கு 9 மீட்டர் வீதம் இறங்க 20 நொடி ஆகும். அந்த 20 நொடியும் குடை காற்றின் கையில். காற்று மணிக்கு 18 கிலோமீட்டர் என்றால் நாம் வீட்டில் மின்விசிறியை நிறுத்திவிட்டுச் சன்னலைத் திறக்கிற காற்றுதான். அதுவே மூட்டையை 100 மீட்டர் தள்ளிக்கொண்டு போகும். மேட்டின் நடுவைக் குறிவைத்திருந்தால் மூட்டை இன்னும் எல்லைக்குள் இருக்கும், ஓரத்துக்கு 50 மீட்டர் மிச்சம். காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் ஆனால் 166 மீட்டர் தள்ளும். மூட்டை ஜப்பானியருக்கு.

விமானி காற்றைக் கணித்து முன்கூட்டியே தள்ளச் சொல்வான் என்று கேட்கலாம். சொல்வான். ஆனால் மலைச்சரிவில் காற்று ஒரே சீராக அடிப்பதில்லை. மேலே ஒரு திசை, பள்ளத்தாக்கில் ஒரு திசை. கீழே பதுங்குகுழியில் கிடப்பவனிடம் காற்றின் வேகம் கேட்கவும் வழியில்லை.

ஏப்ரல் 13 அன்று இது கொடுமையாக நடந்தது. காத்துக் கிடந்த தண்ணீரும் மூன்று அங்குல மோர்ட்டார் குண்டுகளும் ஜப்பானியர் பக்கம் போய் இறங்கின. அவர்களிடம் முன்பே கைப்பற்றிய பிரிட்டிஷ் மோர்ட்டார்கள் இருந்தன. குண்டுகள் சீக்கிரமே உரியவர்கள் தலையிலேயே வந்து வெடித்தன. வேறொரு விமானம் சரியான இடத்தில் போட்டது, ஆனால் அந்த மேட்டில் இல்லாத வேறு வகைப் பீரங்கிக்கான குண்டுகளை.

இத்தனை இழப்புக்கும் பிறகு கோஹிமா மேடு பிழைத்தது. ஏப்ரல் 20 அன்று மாற்றுப்படை வந்து சேர்ந்தது. இம்பால் சாலை ஜூன் 22 வரை மூடியே கிடந்தது. அதுவரை அங்கிருந்த ஒன்றரை லட்சம் பேருக்கு விமானமே சாலை. பெரும்பாலும் தரையிறங்கியும், முன்னணிக் காவல்களுக்குக் குடையிலும் சரக்கு வந்தது. எதிரே முதாகுச்சியின் சிப்பாய்கள் மூன்று வாரச் சாப்பாட்டோடு புறப்பட்டவர்கள். மிச்சத்துக்கு ஓட்டிவந்த மாடுகளையும், பிடிக்கப்போகும் பிரிட்டிஷ் கிடங்குகளையும் நம்பினார்கள். கிடங்குகள் கிடைக்கவில்லை. குண்டுக்குத் தப்பியவர்களைப் பசியும் நோயும் கொண்டுபோயின. ஜப்பானிய ராணுவ வரலாற்றில் தரைப்போரில் அதுவரை கண்டிராத தோல்வி. அந்தத் தோல்வியில் சணலுக்கும் ஒரு பங்கு உண்டு.

கீழே யார் இருக்கிறார்கள்?

கோஹிமாவில் தவறு காற்றால் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் நெதர்லாந்தின் ஆர்னெமில் தவறு தகவலால் வந்தது.

சரக்குப் போடக் குறித்துக்கொள்ளும் இடத்தை இறக்கிடம் என்று சொல்வோம். ஆர்னெமில் குதித்த பிரிட்டிஷ் படையின் இறக்கிடங்கள் முன்கூட்டியே வரைபடத்தில் குறித்தவை. சண்டை போன போக்கில் அவை ஜெர்மானியர் கையில் சிக்கின. அதை இங்கிலாந்துக்குச் சொல்ல வானொலிக் கருவிகள் வேலை செய்யவில்லை. செப்டம்பர் 19 அன்று விமானங்கள் குறித்த இடத்தில் துல்லியமாகப் போட்டன. கீழே இருந்தவர்கள் கையசைத்தார்கள், துணி விரித்துக் காட்டினார்கள், பலனில்லை. டேவிட் லார்ட் என்ற விமானி, இறக்கை எஞ்சின் தீப்பற்றி எரிய, முதல் சுற்றில் சரக்கு மீந்துவிட்டது என்று இரண்டாம் சுற்றும் வந்து போட்டார். விமானம் நொறுங்கியது. எட்டுப் பேரில் ஒருவர் மட்டும் பிழைத்தார். லார்ட் பர்மாவில் சரக்குப் போட்டுத் தேர்ந்தவர். இறந்தபின் அவருக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது. அவர் உயிரைக் கொடுத்துப் போட்ட சரக்கு ஜெர்மானியருக்குப் போய்ச் சேர்ந்தது.

மூன்று மாதம் கழித்து பெல்ஜியத்தின் பாஸ்டோனில் அமெரிக்கப் படை சிக்கியது. பனிமூட்டம் விலகிய டிசம்பர் 23 அன்று, சரக்கு விமானங்களுக்கு முன்னால் ஒரு சிறு வழிகாட்டிக் குழு குதித்து, தரையில் ரேடியோ கருவியை நிறுவிச் சமிக்ஞை கொடுத்தது. பின்னால் வந்த 240-க்கும் மேற்பட்ட விமானங்கள் 144 டன் போட்டன. கிட்டத்தட்ட எல்லாமே கைக்கு வந்தது. அதே டகோட்டா ரகம், அதே குடைகள். தரையில் ஒரு கருவியும் அதை இயக்கத் தெரிந்த சில ஆட்களும்தான் கூடுதல்.

நாலுக்கு எட்டு

இடையில் ஒரு வேடிக்கையான சரக்கைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 1950 டிசம்பர், வட கொரியா, சோசின் நீர்த்தேக்கத்திலிருந்து அமெரிக்க மரைன்கள் பின்வாங்குகிறார்கள். ஃபுன்சிலின் கணவாயில் சீனர்கள் பாலத்தைத் தகர்த்துவிட்டார்கள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் அதலபாதாளம். நடுவிலிருந்த இடைவெளியை அடைக்காமல் வண்டிகள் நகராது. பாலத்தையே குடையில் இறக்குவது என்று முடிவானது.

துண்டு ஒன்று ஒரு டன்னுக்கு மேல். சிறிய குடைகளைக் கட்டி ஒத்திகை பார்த்ததில் துண்டு நொறுங்கிவிட்டது. பிறகு ஒவ்வொன்றுக்கும் இரண்டு பெரிய குடைகள் கட்டினார்கள். தேவை நாலு துண்டு, போட்டது எட்டு. டிசம்பர் 7 அன்று போட்டவற்றில் ஒன்று சீனர் பக்கம் விழுந்தது, ஒன்று அடிபட்டு உதவாமல் போனது. மீதி ஆறில் பாலம் நின்றது. பல்லாயிரம் பேரும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகளும் அதன் மேல் கடந்துபோயின. ஸ்லிமின் 85 சதவீதக் கணக்குதான் இது, இன்னும் பயந்த கையால் போட்டது.

மூன்று கிலோமீட்டர் உயரத்தில்

கோஹிமா கணக்கில் ஒரே ஒரு எண்ணை மாற்றிப் பார்ப்போம். உயரம் 180 மீட்டர் அல்ல, 3,000 மீட்டர்.

1954-இல் வியட்நாமின் தியென் பியென் பூ பள்ளத்தாக்கில் பிரெஞ்சுப் படைக்கு நேர்ந்தது இது. வியட்நாமியத் தளபதி ஜெனரல் ஜியாப் சுற்றிலும் மலைகளில் பீரங்கிகளையும் விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளையும் ஏற்றிவைத்திருந்தார். மார்ச் 13 அன்று தாக்குதல் தொடங்கியது. அந்த மாத இறுதிக்குள் ஓடுதளம் செத்துவிட்டது. குடை ஒன்றே வழி. தாழப் பறந்தால் விமானம் விழும். ஆகவே உயரப் பறந்தார்கள்.

அதே மூட்டை, அதே குடை, நொடிக்கு 9 மீட்டர். 3,000 மீட்டர் இறங்க ஐந்தரை நிமிடம். அதே இளங்காற்று, மணிக்கு 18 கிலோமீட்டர், இப்போது மூட்டையை 1,600 மீட்டருக்கும் மேல் இழுத்துப் போகும். கடைசி வாரங்களில் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த நிலத்தின் குறுக்களவு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். கணக்கு அங்கேயே தோற்றுவிட்டது.

ஒரு தந்திரம் செய்தார்கள். குடை உடனே விரியாமல், மெதுவாக எரியும் திரி ஒன்றை வைத்து, மூட்டை கல்லாக விழுந்து தரைக்குச் சில நூறு மீட்டர் மேலே வரும்போது விரியும்படி அமைத்தார்கள். முக்கால் நிமிடம் வேக விழுதல், அரை நிமிடம் குடை. மொத்தம் ஒன்றேகால் நிமிடம் என்று வைத்தால் காற்று தள்ளுவது 400 மீட்டருக்குள் அடங்கும். ஆனால் திரி ஒரு சில நொடி பிந்தினாலும் மூட்டை தரையில் போய்ப் புதையும். சரக்கில் கணிசமான பங்கு எதிரிக்குப் போனது. பிரெஞ்சுக்காரருக்கு என்று வந்த 105 மில்லிமீட்டர் குண்டுகளை ஜியாபின் பீரங்கிகள் சுட்டன, அவையும் 105 மில்லிமீட்டர் பீரங்கிகளே. மே 6 அன்று சரக்கு ஏற்றிவந்த சி-119 விமானம் ஒன்று அடிபட்டு விழுந்தது. ஓட்டியவர்கள் கூலிக்குப் பறந்த அமெரிக்கச் சிவிலியன்கள். மறுநாள் தியென் பியென் பூ வீழ்ந்தது.

யாழ்ப்பாணத்துக்கு 25 டன்

தமிழர் மண்ணில் குடைகள் இறங்கிய நாளும் ஒன்று உண்டு. அது படைக்கு வந்த சரக்கு அல்ல, மக்களுக்கு வந்தது. ஆனால் வந்தது போர் விமானங்களின் காவலோடு. 1987 ஜூன் 3 அன்று ராமேசுவரத்திலிருந்து நிவாரணப் பொருட்களோடு போன படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் இந்திய விமானப்படையின் ஐந்து ஏ.என்.-32 விமானங்கள், மிராஜ் 2000 போர் விமானங்கள் பக்கத்தில் வர, யாழ்ப்பாணத்தின் மேல் ஏறத்தாழ 25 டன் பொருட்களைக் குடையில் போட்டன. நடவடிக்கைக்கு வைத்த பெயர் பூமாலை.

கூட் அல் அமாராவுக்குப் போட்ட வகுத்தலை இங்கேயும் போடலாம். குடாநாட்டில் பல லட்சம் பேர். 25 டன் என்றால் தலைக்கு நூறு கிராம் தேறாது. பசியைப் போக்க வந்த அளவு அல்ல அது. கொழும்புக்குச் சொன்ன சேதி. சேதி போய்ச் சேர்ந்தது, ஜூலை 29 அன்று இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் பிறகு நடந்தவை இந்த நூலின் எல்லைக்கு வெளியே.

கெட்டிக்காரக் குடையும் மலிவுக் குடையும்

உயரமா, குறியா என்ற இழுபறிக்கு விடை செயற்கைக்கோள் வழிகாட்டியோடு வந்தது. வட்டக் குடைக்குப் பதிலாக, சாகசக்காரர்கள் குதிக்கும் செவ்வகக் குடை. அது சும்மா விழாது, இறக்கைபோல் சறுக்கிப் போகும். மூட்டையின் மேல் ஒரு சிறு கணினி உட்கார்ந்து, தான் இருக்கும் இடத்தையும் போக வேண்டிய இடத்தையும் ஒப்பிட்டு, கயிறுகளை இடமும் வலமும் இழுக்கும். போடுவதற்கு முன் ஒரு சிறு கருவியைத் தனியாக வீழ்த்தி, ஒவ்வொரு உயரத்திலும் காற்று எப்படி அடிக்கிறது என்று அளந்துகொள்வார்கள். கோஹிமா விமானிக்குக் கிடைக்காத தகவல் இது. 2006-இல் ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படை இதை முதன்முதலாகப் போரில் பயன்படுத்தியது. சுடும் துப்பாக்கிக்கு எட்டாத உயரத்தில் பறந்துகொண்டே போடலாம்.

ஆனால் அது விலை கூடியது. கணினியையும் குடையையும் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும், மலைக்காவலில் இருக்கும் பத்துப் பேருக்கு அது கூடுதல் தலைவலி. அதனால் அதே ஆப்கானிஸ்தானில் இன்னொரு வகைக் குடையும் புழங்கியது. ஒரே முறை பயன்படுத்தி, விழுந்த இடத்திலேயே விட்டுவிடலாம். அதன் துணி பாலிப்ரொப்பிலீன். உரமும் சிமென்டும் அடைத்து வருகிற பிளாஸ்டிக் சாக்கு நெய்வதும் அதில்தான்.